பழைய ஆர்எக்ஸ் 100 எடுக்குறவங்களுக்கு
பல வருஷம் கழிச்சு மறுபடி வண்டி ஓட்ட ஆசைப்பட்டு பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 எடுக்குறீங்களா? சைலன்சர் ஆசையெல்லாம் அப்புறம். முதல்ல இன்ஜினுக்குள்ள சுத்துற கிராங்க் தண்டோட ரெண்டு பக்கமும் இருக்குற ரப்பர் வளையங்களை, அதாவது கிராங்க் ஆயில் சீல் ரெண்டையும் மாத்துங்க. ரொம்ப நாள் நின்ன வண்டியில அந்த ரப்பர் காஞ்சு இறுகிடும். அது வழியா காத்து உள்ள போனா பெட்ரோல்-காத்து கலவையில பெட்ரோல் குறையும். கேபிள் சரியா இருந்தும், ஆக்சிலரேட்டரை விட்டப்புறம் ஆர்பிஎம் இறங்கலைன்னா பெரும்பாலும் சீல்தான். அதை மாத்தாம விரட்டினா பிஸ்டன் சூடேறி இறுகி நின்னுடும் (சீஸ் ஆகும்). கிளட்ச் பக்கத்து சீல் போயிருந்தா கியர் ஆயிலையும் உறிஞ்சி வெள்ளைப் புகை தள்ளும்.

இது டூ-ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியணும். அதைத் தானா சேர்க்குற ஆயில் பம்ப்பைக் கழட்டியிருந்தா லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில் கலந்துதான் ஊத்தணும்.

சைலன்சருக்குப் பதிலா எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவுல பருத்த புகைக்குழாய்) போட்டா, கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற துளையான மெயின் ஜெட்டும் பெருசாகணும். ஓட்டிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழட்டிப் பார்த்தா முனை காபி நிறத்துல இருக்கணும். வெளுத்திருந்தா ஜெட் அளவு பத்தலை.