தொப்பூர் இறக்கத்தில் தொடங்கும் குமட்டல்

சென்ற ஆண்டு பொங்கல் கழிந்த மறுவாரம் மார்பகப் புற்றுநோய்க்கான முதல் கீமோ மருந்தைச் சேலத்தில் ஏற்றிக்கொண்டு, மாலை ஆறு மணிக்குக் காரிமங்கலத்திலுள்ள வீட்டுக்குத் திரும்பினேன். மருந்து ஏற்றினால் உடம்பு தளர்ந்துவிடும் என்று கேள்விப்பட்டிருந்த என் அக்கா, எனக்குப் பிடித்த ராகிக் களியையும் அவரைக்கொட்டைக் குழம்பையும் ஆக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கும் அப்போது எந்தத் தொந்தரவும் தெரியாததால், "கீமோ என்றால் இவ்வளவுதானா" என்ற துணிச்சலில் இரண்டு உருண்டை சாப்பிட்டேன். இரவு பதினொரு மணிக்குத் தொடங்கிய வாந்தி விடியும் வரை நிற்கவில்லை. அன்று வெளியே வந்தது உணவு மட்டுமன்று. அவரைக்கொட்டையின் மீது நாற்பது ஆண்டுகளாக எனக்கிருந்த ஆசையும் அதோடு போயிற்று. மருந்து ஏற்றும் நாளில் விருப்பமான உணவைத் தொடக்கூடாது என்பதையும், தொட்டால் உடம்பு அந்தக் குமட்டலை மருந்தின் கணக்கில் எழுதாமல் உணவின் கணக்கில் எழுதிவிடும் என்பதையும் பிறகுதான் உணவியல் ஆலோசகர் சொன்னார்.

மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்று மருந்து ஏற்றினார்கள்; முதல் சுற்றில் நான் செய்த இரண்டாவது தவறு மாத்திரை பற்றியது. ஒரு காகித உறையில் நான்கு வகை மாத்திரைகளைப் போட்டு, "இதெல்லாம் வாந்திக்கு" என்று ஒரே வரியில் சொல்லிக் கையில் கொடுத்தார்கள். வாந்திக்கு என்றால் வாந்தி வந்த பிறகு போடுவது என்றுதான் இருபத்தேழு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய நானும் புரிந்துகொண்டேன். இரண்டாம் நாள் சற்றுத் தெளிவாக இருந்ததால் எதையும் போடவில்லை; மூன்றாம் நாள் தண்ணீர் குடித்தாலும் தங்கவில்லை. அடுத்த முறை மருத்துவர் தாளில் கோடு போட்டு விளக்கினார். மருந்து ஏறிய முதல் இருபத்து நான்கு மணி நேரத்தில் வருவது ஒரு குமட்டல், அதன்பின் ஐந்தாம் நாள் வரை வருவது வேறொரு குமட்டல்; இரண்டும் உடம்பில் வெவ்வேறு வழியாகக் கிளம்புபவை என்பதால் மாத்திரைகளும் வெவ்வேறு. அப்ரெபிடன்ட் மூன்று நாளைக்கு, டெக்சாமெத்தசோன் காலையில் உணவுக்குப் பின், ஒலான்சபின் இரவில். இவை குமட்டல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எழுதிய நேரத்துக்குப் போட வேண்டியவை. ஒண்டான்செட்ரான் ஒன்றுதான் அதற்கு மேலும் தேவைப்பட்டால் போட்டுக்கொள்ள எனக்கு எழுதப்பட்டிருந்தது. ஒலான்சபின் மனநோய்க்குத் தரும் மருந்து என்று தெரிந்த ஒருவர் சொல்லக் கேட்டு என் கணவர் கலங்கிப் போனார். அதே மருந்து குறைந்த அளவில் குமட்டலை நன்றாக அடக்கும் என்றும், தூக்கம் மட்டும் கூடுதலாக வரும் என்றும் மருத்துவர் சொன்ன பிறகே அவர் அமைதியானார். உண்மையில் அந்தத் தூக்கம் எனக்கு ஒரு வரமாகவே இருந்தது.

இரண்டாம் சுற்றிலிருந்து பசியைப் பார்த்துச் சாப்பிடுவதை விட்டுவிட்டு, தேதியைப் பார்த்துச் சாப்பிடத் தொடங்கினேன். நாட்காட்டியில் மருந்து ஏற்றிய நாளுக்கு ஒன்று என்று எண் போட்டு, இருபத்தொன்று வரை மருமகள் எழுதி வைத்தாள். முதல் மூன்று நாட்களுக்குச் சமையலே வேறு. காலையில் எழுந்து உட்காரும் முன்பே, தலைமாட்டில் வைத்திருக்கும் பொரியிலோ ரஸ்க்கிலோ சிறிது மென்று விழுங்கி, கால் மணி நேரம் கழித்துத்தான் கட்டிலை விட்டு இறங்குவேன். வெறும் வயிறு குமட்டலைத் தணிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் அது கூட்டத்தான் செய்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓர் இட்லி, அல்லது அரைக் கரண்டி பாசிப்பருப்புக் கஞ்சி, அல்லது ஒரு கை தயிர்சோறு, எதுவானாலும் சூடு ஆறிய பிறகு. சூடான உணவிலிருந்து எழும் ஆவியில்தான் வாசனை ஏறி வருகிறது என்பதை மூக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்தது. கடுகும் கறிவேப்பிலையும் எண்ணெயில் வெடிக்கும் நேரத்தில் நான் தெருத் திண்ணைக்குப் போய்விடுவேன். மூன்றாம் சுற்றுக்குள் மருமகள் அடுப்பையே பின்கட்டுக்கு மாற்றிவிட்டாள்.

தண்ணீர் ஒரு தனிப் போராட்டம். சிவப்பு மருந்து என்று எல்லோரும் சொல்லும் டாக்சோரூபிசினால் முதல் ஓரிரு நாள் சிறுநீர் சிவந்து போகும். அது இரத்தமன்று என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. ஆனால் உடன் ஏற்றப்படும் சைக்ளோபாஸ்பமைடு சிறுநீர்ப்பையைப் புண்ணாக்கக் கூடியது என்பதால், நிறையக் குடித்து அடிக்கடி சிறுநீர் கழிக்க வேண்டும். எனக்கோ எவர்சில்வர் டம்ளரில் வாய் வைத்தால் துருப்பிடித்த ஆணியை நக்கியது போல இருந்தது. கண்ணாடி டம்ளருக்கு மாறி, சீரகம் போட்டுக் கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீரை ஒரு வாய் ஒரு வாயாக, உணவோடு சேர்க்காமல் இரண்டு உணவுக்கும் நடுவில் குடித்தேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரை அந்த நாட்களில் வாயில் வைக்கவே முடியவில்லை. ஒகேனக்கல் தண்ணீர் வரும் நாளில் பிடித்துக் காய்ச்சி வைத்துக்கொள்வோம்.

ஒண்டான்செட்ரான் மலச்சிக்கலைக் கொண்டுவரும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நான்கு நாள் வயிறு உப்பிக் கிடந்தபோது அதையும் குமட்டல் என்றே எண்ணி மேலும் ஒரு மாத்திரை போட்டேன் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. பிறகு மலமிளக்கி மருந்தைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொண்டேன்.

ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரை குமட்டல் அடங்கும். ஆனால் இரத்தத்தில் கிருமியை எதிர்க்கும் வெள்ளணுக்கள் குறைந்து, வாயும் புண்ணாகும். காரம், புளி, முறுக்கு எல்லாம் விலக்கு. வெதுவெதுப்பான நீரில் உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்து ஒவ்வொரு உணவுக்குப் பின்னும் கொப்பளித்தேன். இந்த நாட்களில்தான் ஊரில் யாரும் ஏற்காத ஒரு விதியை வீட்டில் வைத்தோம்: இரவு கரைத்து வைத்துப் புளித்த கூழும் பழைய சோறும் எனக்குக் கிடையாது. அவை உடம்புக்கு நல்லவைதான். ஆனால் எதிர்த்து நிற்க ஆளில்லாத உடம்பில் எந்தக் கிருமி எப்போது வேரூன்றும் என்று சொல்ல முடியாது. ராகியை முளைகட்டி அரைத்த மாவை அப்போதைக்கப்போது காய்ச்சி, பொட்டுக்கடலை மாவு இரண்டு கரண்டி சேர்த்துக் குடித்தேன். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்று கணக்குச் சொல்லியிருந்தார்கள். ஐம்பத்து நான்கு கிலோ இருந்த எனக்கு, நன்றாக வெந்த இரண்டு முட்டையும் அந்தக் கஞ்சியும் பருப்பும் தயிரும் சேர்ந்து ஏறக்குறைய அதை எட்டின.

இரண்டாம் சுற்றின் பத்தாம் நாள் காய்ச்சல் 101 டிகிரி காட்டியது. முந்தின நாள் வெயிலுக்குச் சாலையோரத்தில் ஐஸ் போட்ட கரும்புச்சாறு குடித்திருந்தேன். அதுதான் காரணமா என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. 100.4 டிகிரியைத் தாண்டினால் வீட்டில் மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே வர வேண்டும் என்று சீட்டில் எழுதியிருந்ததால் இரவோடு இரவாகப் புறப்பட்டோம். மூன்று நாள் படுக்கையும் நரம்பு வழி மருந்துமாகப் போயிற்று.

மூன்றாம் சுற்றில் புதிதாக ஒன்று வந்தது. தருமபுரியிலிருந்து சேலத்துக்குப் போன பேருந்து தொப்பூர் கணவாயில் இறங்கத் தொடங்கியதும், ஒரு சொட்டு மருந்தும் ஏறாத நிலையிலேயே வாயில் உமிழ்நீர் ஊறி எனக்கு வாந்தி வந்துவிட்டது. வளைவுகளால் வந்ததென்றே கணவர் நினைத்தார்; ஆனால் அந்தச் சாலையில் எத்தனையோ ஆண்டுகளாகப் போய் வருபவள் நான். முந்தைய அனுபவத்தை வைத்து மூளை முன்கூட்டியே குமட்டத் தொடங்குவது உண்டு என்றும், முதல் சுற்றுகளில் குமட்டலை நன்றாக அடக்கியிருந்தால் இது பெரும்பாலும் வராது என்றும் மருத்துவர் சொன்னார். நான்காம் சுற்றுக்கு முந்தின இரவும் அன்று காலையும் பதற்றத்தைத் தணித்துத் தூக்கம் தரும் லொராசெபம் கொடுத்தார்கள். கண் விழித்தபோது தொப்பூரைத் தாண்டியிருந்தோம்.

இதற்கிடையில் அறிவுரைகளும் வந்துகொண்டே இருந்தன. பாலை நிறுத்து, முட்டையை நிறுத்து, முள்சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடி என்று வந்தவர்கள் யாரும் என் எடையைக் கேட்கவில்லை. மருத்துவரைக் கேட்காமல் எந்த இலையையும் தொடுவதில்லை என்று சொல்லிவிட்டேன், சிலருக்கு மனவருத்தம்தான்.

நல்ல நாட்கள் என்றால் பதினைந்திலிருந்து இருபத்தொன்று வரை. இழந்த எடையை அந்த ஒரு வாரத்தில்தான் பிடிக்க வேண்டும். மார்ச் மாதம், மூன்றாம் சுற்றின் பதினெட்டாம் நாள், எதிர்வீட்டு வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த மூதாட்டி, நார் உரித்த ஒரு சுளையில் கல்லுப்பை ஒட்டி நீட்டினார். "டீச்சரம்மா, வாய்க்கு ஒண்ணும் புடிக்கலைன்னீங்களே, இத ஒதுக்கிப் பாருங்க." மருமகள் அதை வெந்நீரில் அலசாமல் விடவில்லை, உப்பு கரைந்தே போயிற்று. ஆனாலும் இரண்டு மாதமாக இரும்பையே சுவைத்த நாக்கில் புளிப்பு புளிப்பாகவே தெரிந்தது. அன்று பகல் தாளிக்காத நீர்த்த ரசத்தில் இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஏப்ரலில் பாக்ளிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்து வாரம் ஒரு முறை என்று மாறியபோது குமட்டல் பெருமளவு குறைந்து, விரல் நுனி மரத்துப்போவது அதன் இடத்தைப் பிடித்தது. அது வேறு கதை. பன்னிரண்டு வாரமும் முடிந்தபோது எடை ஐம்பத்தொன்றரை. இந்த ஆண்டு தையில் களி உண்டேன், கீரைக் கடைசலோடு. அவரைக்கொட்டை வந்திறங்கிய நாளில் அக்கா தன் வீட்டில் மட்டும் குழம்பு வைத்தார்; எங்கள் வீட்டுக்கு வரும் முன் சேலையை மாற்றிக்கொண்டு வந்தார்.