ஹெரால்டுக்கு டயர் தேடிய கதை: நான்கு மூட்டை நெல்லும் ஒரு கூடைக் களிமண்ணும்

பாபநாசம் தாண்டிக் குடமுருட்டிக் கரையோரம் வந்துகொண்டிருந்தபோது இடது பின்சக்கரத்திலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. கொட்டாங்கச்சி ஏதாவது சிக்கியிருக்கும் என்று நினைத்து இறங்கினேன். நான்கு நட்டுகளில் மூன்று கையாலேயே சுழன்றன. நான்காவது அங்கே இல்லை. பின்சீட்டில் சித்தப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அவரை எழுப்பவில்லை, இன்றுவரை சொல்லவும் இல்லை.

கார் 1966ஆம் ஆண்டு இரண்டு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959இல் வந்த டிரையம்ப் ஹெரால்டை இங்கே சென்னையில் தயாரித்தார்கள். அதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைச் சுருக்கித்தான் 1962இல் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உடல் வடிவம் தந்தவர் இத்தாலியரான மிக்கெலொட்டி. இந்த உறவுமுறையை எனக்கு முன்பிருந்த உரிமையாளர் மிகவும் மனதில் எடுத்துக்கொண்டுவிட்டார். இரட்டைக் கார்புரேட்டர், முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக், வெட்டித் தாழ்த்திய முன் ஸ்பிரிங் என்று காரை ஸ்பிட்ஃபயருக்குத் தம்பியாக்கியிருந்தார். கடைசியாக, இன்றைய சிறிய கார் ஒன்றின் 14 அங்குல அலாய் வீல்களையும் மாட்டியிருந்தார். பார்க்க அழகுதான். நானும் அந்த அழகுக்குத்தான் பணம் கொடுத்தேன்.

கும்பகோணத்தில் என் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றி ரிம்மைத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது இந்தக் காருக்குப் பெண் கொடுத்த வீடே இல்லை” என்றார்.

ஹெரால்டின் சக்கரத்தைப் பிடிக்கும் நான்கு ஸ்டட்டுகளும், அதாவது நட் ஏறும் மரையாணிகளும், 95.25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. அந்த அலாய் ரிம்மின் துளைகளோ 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்தன. ஒவ்வொரு துளையும் ஸ்டட்டைவிட ஏறத்தாழ 2.4 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. கூம்பு நட் துளையின் நடுவில் உட்காராமல் ஒரு பக்கமாகச் சாய்ந்தே இறுகும், ஓட்ட ஓட்டத் தளரும். போதாதென்று ரிம் உள்ளே இடிக்காமல் இருக்க ரிம்மை வெளியே தள்ளி ஸ்டட்டின் நீளத்தைத் தின்னும் 25 மில்லிமீட்டர் ஸ்பேசர் வளையம் வேறு. நட் குறைந்தது ஸ்டட்டின் தடிமன் அளவுக்காவது மரையில் ஏற வேண்டும். ஹெரால்டின் ஸ்டட் 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. கணக்குப்படி ஒன்பது சுற்று. நான் எண்ணிப் பார்த்தபோது ஐந்து சுற்றில் நட் கையோடு வந்துவிட்டது.

அதன்பிறகு இரண்டு டயர் கடைகளில் கேட்டேன். ஒரு கடையில் “எல்லாம் நாலு ஓட்டைதானே சார், இறுக்கினால் உட்கார்ந்துவிடும்” என்றார்கள். மற்றொரு கடையில் 165/65 ஆர்13 போட்டுவிடலாம் என்றார்கள். இங்கேதான் நான் காகிதம் எடுத்தேன். இதில் 165 என்பது டயரின் அகலம் மில்லிமீட்டரில், 65 என்பது அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்ற விகிதம், 13 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். டயரின் அகலத்தை விகிதத்தால் பெருக்கி, இரட்டித்து, ரிம்மின் விட்டத்தைக் கூட்டினால் முழு விட்டம் வந்துவிடும். 155/80 ஆர்13 என்றால் 578 மில்லிமீட்டர். 175/70 ஆர்13 என்றால் 575. கடைக்காரர் சொன்ன 165/65 ஆர்13 வெறும் 545. கார் ஏறத்தாழப் பதினேழு மில்லிமீட்டர் இன்னும் தாழும், 57 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போதே வேகமானியின் முள் 60 காட்டும். பழைய உரிமையாளரின் 185/60 ஆர்14க்கும் போட்டுப் பார்த்தேன். சரியாக 578. மனிதர் விட்டத்தில் மட்டும் தவறவில்லை, மற்ற எல்லாவற்றிலும் தவறியிருக்கிறார்.

விட்டம் தெரிந்துவிட்டது, இனி அகலம். எனக்கு அகல டயர் ஆசை இருந்தது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் ஹெரால்டின் பின்பக்கம் மற்ற கார்களைப் போன்றதல்ல. நடுவில், எஞ்சின் விசையை இரு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அடிச்சட்டத்தோடு இறுகி நிற்கும். அதன் இரு பக்கமும் ஆக்சில், படகுத் துடுப்பைப் போல மேலும் கீழும் ஆடும். மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். சக்கரம் மேலே ஏறினால் அதன் தலை உள்ளே சாயும், கீழே இறங்கினால் வெளியே சாயும். வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் பின்பக்கம் எழும்பி, வெளிச்சக்கரம் காருக்கு அடியில் மடிய முயலும். டயரின் பிடிமானம் கூடினால் அந்த எழும்பலும் கூடும். தட்டையான அகல டயர் இப்படிச் சாயும்போது ஓர் ஓரத்தில்தான் நிற்கும், மீதி அகலம் வேடிக்கை பார்க்கும்.

முன்பக்கத்தில் வேறு சிக்கல். ஹெரால்டின் பெருமையே அது திரும்பும் வட்டம். சுமார் 25 அடிக்குள் திரும்பிவிடும். வாய்க்கால் கரைச் சாலையில், எதிரே நெல் லாரி வந்து நிற்கும்போது, அந்தத் திருப்பம் எனக்குச் சொத்து. அகல டயர் போடுகிறவர்கள் உரசாமல் இருக்க ஸ்டியரிங்கின் எல்லையைக் குறைத்துவிடுவார்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை.

ரிம் கிடைத்தது அதிர்ஷ்டம். சென்னையில் பழைய உதிரிபாகம் சேர்க்கிற ஒருவரிடம் ஸ்பிட்ஃபயரின் இரும்பு ரிம்கள் ஐந்து இருந்தன. 13 அங்குல விட்டம், 4½ அங்குல அகலம், துளை வட்டமும் ஹெரால்டின் அதே அளவு. ஹெரால்டின் சொந்த ரிம் 3½ அங்குலம்தான், அதில் 155 டயர்கூடக் கூட்டில் அடைத்த மாதிரி நிற்கும். வாங்கும்முன் நாச்சியார்கோவிலில் ஒரு லேத் பட்டறையில் துளை அளவு பார்க்கத் தகடு ஒன்று செய்துகொண்டேன். குத்துவிளக்குத் தண்டுக்கு வளையம் கடைகிற லேத் அது. எதிரெதிர்த் துளைகளுக்கு நடுவே 95.25, பக்கத்துத் துளைகளுக்கு நடுவே 67.35 என்று எழுதிக் கொடுத்தேன். அவர் விளக்குக்கு எண்ணெய்க் கிண்ணம் கடைகிற அதே நிதானத்தில் செய்து கொடுத்தார், கூலியும் அதே நிதானம்தான். ஐந்து ரிம்களிலும் தகடு பிசகாமல் உட்கார்ந்தது. சுழற்றிவிட்டுப் பக்கத்தில் ஆணியை நிறுத்திப் பார்த்ததில் ஒன்று மட்டும் தள்ளாடியது. அது இப்போது ஸ்டெப்னி.

தெரிந்தவர் ஒருவரிடம் 175/70 ஆர்13 டயர்கள் இரண்டு இரவல் வாங்கினேன். காலியாக நிற்கும் காரில் மாட்டியபோது மட்கார்டின் வெளிவிளிம்புக்கும் டயருக்கும் நடுவே விரல் தாராளமாக நுழைந்தது. எல்லோரும் அந்த விரலோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு என்னவோ நம்பிக்கை வரவில்லை.

வயல் வரப்பிலிருந்து ஒரு கூடைக் களிமண் கொண்டுவந்து, கொழுக்கட்டை மாவுப் பதத்தில் பிசைந்து, சக்கரத்துக்கு மேலும் உள்பக்கமும் உருண்டை உருண்டையாக அப்பினேன். டயரில் மண் ஒட்டாமலிருக்க அடுப்புச் சாம்பல் பூசினேன். பின்சீட்டில் நான்கு நெல் சிப்பம் ஏற்றினேன், தலா 40 கிலோ. “கொள்முதல் நிலையத்துக்கா போகிறீர்கள்?” என்று மனைவி வாசலிலிருந்து கேட்டாள். தெருவின் வேகத்தடையை 20 கிலோமீட்டர் வேகத்தில் ஆறு முறை ஏறி இறங்கினேன். பிறகு முன்சக்கரங்களில் மாட்டி, இரு பக்கமும் முழுமையாக ஒடித்து வட்டமடித்தேன்.

கழற்றிப் பார்த்தால் வெளிவிளிம்பில் அப்பிய மண் வைத்தது வைத்தபடி இருந்தது. உள்பக்கத்தில் மண்ணே இல்லை, காரின் தகட்டில் டயரின் கோடுகள் சாம்பல் நிறத்தில் அச்சுப்போல் விழுந்திருந்தன. பாரத்தில் சக்கரத்தின் தலை உள்ளேதானே சாயும்! முன்னால் முழுத் திருப்பத்தில் குறுக்குக் கம்பியையும் டயர் நக்கியிருந்தது.

அன்றைக்கே 155/80 ஆர்13 என்று முடிவு செய்தேன். வேகன் ஆர் காரின் அடிப்படை வகைக்கு வரும் அளவு என்பதால் எங்கும் கிடைக்கும். டயரில் எழுதியிருக்கும் 79 எஸ் என்பதில் 79 என்றால் டயர் ஒன்று 437 கிலோ தாங்கும், இந்தக் காருக்கு ஏராளம். ஆனால் முதலில் போன கடையில் எடுத்து வைத்த நான்கு டயர்களில் இரண்டின் பக்கவாட்டில் 1619 என்று இருந்தது. 2019ஆம் ஆண்டின் 16ஆவது வாரம். “புத்தம் புதியது சார், காகிதம்கூடப் பிரிக்கவில்லை” என்றார் கடைக்காரர். காகிதத்துக்குள்ளேயும் ரப்பருக்கு வயதாகும் என்று சொல்லிவிட்டு வேறு கடைக்குப் போனேன். ரிம்மின் உள்பக்கம் துருவால் சொரசொரத்திருந்ததால் தேய்த்து, வண்ணம் பூசி, டியூபும் போட்டேன்.

மறுபடியும் களிமண், மறுபடியும் நெல். இம்முறை மண்ணில் ஈர்க்குச்சியைக் குத்தி அளந்தேன். வலப்பக்கம் 14 மில்லிமீட்டர் மிச்சம், இடப்பக்கம் 6. முன்பக்கம் எங்கும் தொடவில்லை, திருப்பமும் குறையவில்லை.

காற்று விஷயத்தில் மட்டும் இன்னும் சண்டை நடக்கிறது. இந்தக் காருக்குப் பின்சக்கரங்களில் முன்சக்கரங்களைவிட நான்கைந்து பவுண்டு காற்று கூடுதலாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் பின்பக்கம் முந்திக்கொள்ளப் பார்க்கும். நான் முன்னால் 23, பின்னால் 28 வைக்கிறேன். பங்கில் காற்றடிக்கும் பையனோ “நாலுக்கும் 30 அடித்துவிட்டேன் அண்ணா” என்று சிரிக்கிறான். இறக்குவதற்காக ஓர் அளவுமானி என் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

இடப்பக்கம் 6 மில்லிமீட்டர்தான் ஏன் என்று பார்த்ததில், பட்டை ஸ்பிரிங் அந்தப் பக்கம் தளர்ந்திருக்கிறது. தஞ்சாவூரில் பட்டை அடிக்கும் கடையில் அறுவடை முடியட்டும் என்கிறார்கள், டிராக்டர் டிரெய்லர்கள் வரிசையில் நிற்கின்றனவாம். அதுவரை சித்தப்பா பின்சீட்டில் வலப்பக்கம்தான் உட்கார வேண்டும். ஏன் என்று கேட்டார். அந்தப் பக்கம் காற்று நன்றாக வரும் என்று சொல்லியிருக்கிறேன்.