வங்கி மேசையில் பேசப்படும் ஆங்கிலம்

கனடாவில் வேலை நிலைத்ததும் வீடு வாங்கும் பேச்சு தொடங்கிவிடும். ஆங்கிலத்திலேயே பட்டம் படித்தவர்களும் வங்கி மேசைக்கு முன் தடுமாறுவார்கள். அங்கே பேசப்படுவது வேறு ஆங்கிலம்.

முதலில் பிரித்தறிய வேண்டியவை 'அமார்டைசேஷன்', 'டெர்ம்' என்ற இரண்டும். முன்னது கடன் முழுவதும் அடைய ஆகும் காலம்; பெரும்பாலும் 25 ஆண்டுகள். பின்னது, இன்று பேசி முடித்த வட்டியும் நிபந்தனைகளும் செல்லுபடியாகும் காலம்; ஐந்து ஆண்டுகளுக்கு எடுப்பவர்கள் பலர். அது முடிந்ததும் மீதிக் கடனுக்கு அன்றைய வட்டியில் புது ஒப்பந்தம். கனடா மத்திய வங்கியின் வட்டி விகிதம் 2022 தொடக்கத்தில் 0.25 சதவீதமாக இருந்தது. 2023 ஜூலையில் 5 சதவீதம். அதற்கு முன் மலிவாகக் கடன் எடுத்தவர்களின் வீடுகளில் இப்போது 'ரின்யூவல்' (ஒப்பந்தப் புதுப்பிப்பு) என்றாலே முகம் மாறுகிறது.

ஐந்து லட்சம் டாலர், 5 சதவீத நிலையான வட்டி, 25 ஆண்டுகள் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 2,908 டாலர். முதல் தவணையில் 2,062 டாலர் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 846. ஐந்தாண்டுகளில் 1,74,000 டாலருக்கு மேல் கட்டிய பிறகும் நாலேகால் லட்சத்துக்கு மேல் கடன் நிற்கும். தவணைத் தொகையை மட்டும் பார்த்து "வாடகையும் இதே அளவுதானே" என்று மனக்கணக்குப் போடுபவர்களுக்கு அசல் குறையும் அட்டவணையைக் காட்டுவது என் வழக்கம்.

இன்னொரு குழப்பம் 'மோர்ட்கேஜ் இன்சூரன்ஸ்'. முன்பணம் வீட்டு விலையில் 20 சதவீதத்துக்குக் குறைந்தால் இந்தக் காப்புறுதி கட்டாயம். உறவினர் ஒருவர், "எனக்கு ஏதும் ஆனால் வீட்டுக் கடன் தீர்ந்துவிடும், தம்பி, இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று நிம்மதியாகச் சொன்னார். "அண்ணா, அது வங்கிக்கான காப்பு. நீங்கள் தவணை கட்டாமல் போனால் வங்கிக்கு நட்டம் வராமல் பார்த்துக்கொள்ளும். உங்கள் உயிருக்கானது வேறு, அதைத் தனியாக எடுக்க வேண்டும்" என்றேன். பிரீமியம் கட்டுவது நாம், காப்பு வங்கிக்கு! போதாததற்கு, அந்தப் பிரீமியத்தைப் பெரும்பாலும் கடனோடு சேர்த்துவிடுவார்கள்; அதற்கும் வட்டி ஓடும்.

'ப்ரீ-அப்ரூவல்' எனும் முன் ஒப்புதல் கடிதம் கிடைத்ததும் கடனே கைக்கு வந்துவிட்டதாக நினைப்பவர்களும் உண்டு. அது இறுதி ஒப்புதல் அல்ல. வீட்டின் மதிப்பு, வேலை, வருமானம் எல்லாவற்றையும் பிறகு மீண்டும் பார்ப்பார்கள். இடையில் கடனுக்குப் புதுக் கார் வாங்கினால் கணக்கு மாறிவிடும்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது 'ப்ரீபேமெண்ட் பெனால்டி'. ஒப்பந்தக் காலத்தின் நடுவே வீட்டை விற்றுக் கடனை அடைத்தால் அபராதம். மாறும் வட்டிக் கடனுக்கு அது வழக்கமாக மூன்று மாத வட்டி. நிலையான வட்டிக் கடனுக்கோ மூன்று மாத வட்டி, வட்டி வித்தியாசத் தொகை (உங்கள் வட்டிக்கும் அன்றைய குறைந்த வட்டிக்கும் உள்ள இடைவெளியால் மீதி ஒப்பந்தக் காலத்தில் வங்கி இழக்கும் தொகை) என்ற இரண்டில் எது பெரிதோ அது; வட்டி இறங்கிய காலத்தில் பல்லாயிரம் டாலர்கூட ஆகலாம். அந்த வித்தியாசத்தைக் கணக்கிடும் முறை வங்கிக்கு வங்கி வேறு. ஆகவே கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி: "இரண்டு ஆண்டுகளில் விற்க நேர்ந்தால் எவ்வளவு கட்ட வேண்டும், எழுத்தில் தருவீர்களா?"