கன்னட எழுத்தில் தமிழ் நோட்டு

பெங்களூர் அல்சூர் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே படியில் நான்கைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். பெயின்ட் வேலைக்குப் போகிறவர்கள், ராத்திரி வாட்ச்மேன் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள், ரிடையர் ஆனவர்கள். ஐந்து நிமிஷம் தாமதித்தால் அதில் இரண்டு பேருக்கு அன்றைக்குப் பேப்பர் கிடையாது, வேலைக்கு நேரமாகிவிடும். பஸ்ஸை விட்ட நாளில் ஆட்டோ பிடித்தாவது போய்விடுவேன்.

அந்தத் தெருக்களில் வீட்டுக்கு வீடு தமிழ்தான் பேச்சு. கண்டோன்மென்ட் காலத்திலேயே, அதாவது வெள்ளைக்காரப் பட்டாளம் இங்கே இருந்தபோதே, வந்து தங்கிய குடும்பங்கள் நிறைய. ஆனால் எங்கள் தமிழ் அலமாரியைத் தொட ஆளில்லை. பள்ளிக்கூடத்தில் படித்தது கன்னடமோ இங்கிலீஷோ; தமிழ் காதோடு சரி. இது எனக்குப் பிடிபடவே இரண்டு வருஷம் ஆயிற்று.

ஒருமுறை மேலிடத்துக் கடிதம் வந்தது. வருஷக்கணக்காக வெளியே போகாத புத்தகங்களைக் கழிவுப் பட்டியலில் சேர்க்க வேண்டுமாம். தமிழ் அலமாரியின் முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையையும் திறந்தேன். தேதிச் சீட்டில் ஒரு முத்திரை, இரண்டு முத்திரை, பல சீட்டுகள் வெறுமையாகவே இருந்தன. பட்டியலில் முதல் வரியைக்கூட எழுத முடியவில்லை. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-ல் வகுத்துத் தந்த ஐந்து நூலக விதிகளில் மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. நூலகம் படித்தவர்கள் எல்லோரும் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததுதான். அவர் 1972-ல் கண்மூடியது இந்த ஊரில். வாசகர் இல்லையென்றால் தேடவேண்டியது என் வேலை, புத்தகத்தின் குற்றமல்ல என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

தினமும் வரும் பெரியவர் ஒருவர், ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தமிழ்ப் பேப்பரை வாய்விட்டுத்தான் படிப்பார். நானே பலமுறை அடக்கியிருக்கிறேன். அவரிடம் போய், "ஐயா, சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளைங்களுக்கு இதே மாதிரி சத்தமா கதை படிச்சுக் காட்டுறீங்களா?" என்று கேட்டேன். "என்னை இங்க யாரும் சத்தமா படிக்கச் சொன்னதே இல்லையேம்மா" என்றார். முதல் வாரம் மூன்று பிள்ளைகள். மழைக்காலம் முடிவதற்குள் பாய் போதாமல் பழைய பேப்பரை விரித்தோம்.

அதில் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நோட்டு கொண்டுவருவாள். எட்டிப் பார்த்தேன். முழுக்கக் கன்னட எழுத்து, படித்தால் தமிழ்! பெரியவர் சொன்ன விடுகதைகளை அப்படியே பிடித்துவைத்திருந்தாள். இன்றைய கன்னடத்தில் ழகரம் கிடையாது, அதனால் வாழைப்பழம் வாளைப்பளமாக இருந்தது. தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது, "பாட்டிக்கும் பஸ்ஸுக்கும் ஒரே எழுத்தா மிஸ்?" என்று கேட்டாள். கன்னடத்தில் இரண்டு ஒலிக்கும் தனித்தனி எழுத்து. இப்படி ஒரு சந்தேகம் எனக்கு ஆயுளில் வந்ததில்லை. வார்த்தையைப் பார்த்துச் சொல்ல வேண்டும் கண்ணு என்றேன். ஒரு வருஷத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்க வந்துவிட்டது.

வீட்டுக்குப் புத்தகம் கொடுப்பதில்தான் சிக்கல். உறுப்பினராக முகவரிச் சான்று வேண்டும். ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களிடம் ஒப்பந்தப் பத்திரம் ஏது? இதில் எனக்கு இன்றும் ஆற்றாமைதான். கர்நாடகப் பொது நூலகச் சட்டம் 1965-ல் வந்தது. அதன்படி வீட்டு வரியோடு ரூபாய்க்கு 6 காசு நூலகத்துக்கென்று வசூலிக்கிறார்கள். வீட்டுக்காரர் கட்டுகிறார், அதைக் குடியிருப்பவரிடம் வாங்கும் வாடகையில்தானே ஈடுகட்டிக்கொள்கிறார்? "சும்மா வந்து உக்காரலாமா?" என்று வாசலில் தயங்கும் பெண்களிடமெல்லாம் இதைச் சொல்லுவேன். அந்த நோட்டுப் பெண்ணுக்கு நானே ஜாமீன் கையெழுத்துப் போட்டேன்.

நாட்டுப்புறக் கதைப் புத்தகம் ஒன்றை எடுத்துப்போனாள். பதினைந்து நாளில் கொண்டுவந்து, மறுபடி அதற்கே முத்திரை கேட்டாள். இன்னும் முடிக்கவில்லையா என்றேன்.

"நான் முடிச்சிட்டேன் மிஸ். ஆயாவுக்குப் படிச்சுக் காட்டுறேன். அவங்க ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேக்கறாங்க."

வெறுமையாக இருந்த சீட்டில் இரண்டாவது முத்திரையைக் குத்திக் கொடுத்தேன்.