வெட்டுக்கிளி மூளையும் விட்டுவிட்டு வரும் வாசனையும்

காற்றில் வாசனை சீராக வராது. துண்டு துண்டாகத்தான் வரும். வெட்டுக்கிளியின் ஒரு உணர்கொம்பு தரும் செய்தியைச் சுமார் 830 நரம்பணுக்கள் வாங்கி, மூளையில் வாசனை நினைவுக்கான பகுதியிலுள்ள ஏறத்தாழ 50,000 கென்யன் அணுக்களுக்கு (ஒருவகை நரம்பணுக்கள்) அனுப்புகின்றன. வாசனை தொடங்கும்போது நரம்பணுக்களில் ஒரு கூட்டம் துடிக்கும். நின்றதும் வேறொரு கூட்டம். ஆக, 'நின்றுவிட்டது' என்பதும் மூளைக்குத் தனிச் செய்திதான். வாசனை இருக்கும்போது, நரம்பணுக்கள் சேர்ந்து துடிப்பதால் நொடிக்குச் சுமார் 20 முறை அலையும் மின் தாளம். நரம்பணுக்களை அடக்கும் செய்தியைத் தடுக்கும் பிக்ரோடாக்சின் என்ற நச்சைச் செலுத்தினால் அது குலையும்.

இதை ஆராயும் சோதனையில் பலர் சறுக்குவது, வெட்டுக்கிளிக்கு வாசனையை ஊதும் குழாயில். வாசனையைத் திறந்ததும் காற்றின் வேகமும் கூடினால், கொம்பு அந்த அசைவுக்கும் பதில் சொல்லும். அதே அளவு வெறுங்காற்றைக் குறைத்து மொத்த ஓட்டத்தைச் சமன் செய்யுங்கள். வாசனைப் பொருளைக் கரைக்கும் மினரல் ஆயில் மட்டும் உள்ள குப்பி வழியாகவும் காற்றை ஊதிப் பாருங்கள். ரப்பர் குழாய் வாசனையை உறிஞ்சிப் பிறகு கசியவிடும்; அதைவிட டெஃப்லான் குழாய் நல்லது.