கிராங்க் புல்லி சீல் மாற்றியும் ஆயில் ஒழுகுகிறதா?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவு. ஒன்றும் இரண்டுமாகக் கியர் மாற்றி, முழு லோடில் ஏறும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயு கிராங்க் கேஸில் சேரும். அந்த வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வோ ப்ரீதர் ஹோஸோ அடைத்திருந்தால் அந்த அழுத்தம் கிராங்க் புல்லிக்குப் பின்னால் ஆயிலைத் தடுக்கும் முன் ஆயில் சீல் வழியாகத்தான் வழி தேடும். அதனால் புல்லியைத் தொடும் முன் ப்ரீதரைப் பாருங்கள். பெட்ரோல் இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயில் ஒரு துண்டுக் காகிதம் வையுங்கள். உள்ளே இழுத்தால் நல்லது, தூக்கித் தள்ளினால் கோளாறு அங்கேதான்.

அடுத்தது புல்லியைப் பிடித்திருக்கும் போல்ட். சில இன்ஜின்களில் இடது மரை, அதாவது எதிர்த்திசையில் கழலும் மரை உண்டு. மேனுவலைப் பார்க்காமல் பைப் போட்டுத் திருகாதீர்கள். அதைவிட முக்கியமாக, சில இன்ஜின்களில் டைமிங் கியரை ஷாஃப்ட்டோடு பூட்டும் சிறு உலோகத் துண்டான சாவியே (கீ) கிடையாது, போல்ட்டின் இறுக்கம் மட்டுமே பிடித்திருக்கும். தளர்த்திய நிமிடமே டைமிங், அதாவது பிஸ்டனும் வால்வும் இயங்கும் ஒத்திசைவு, நழுவிவிடும். ஷாஃப்ட்டை அசையாமல் நிறுத்தும் டைமிங் பின் போட்ட பிறகே கை வைக்க வேண்டும். ஆனால் போல்ட்டின் விசையை அந்தப் பின்மேல் ஏற்றக்கூடாது, பின் வளையும். புல்லி ஹோல்டரோ ஃப்ளைவீல் லாக்கோதான் தாங்க வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டாரை ஒரு நொடி இயக்கி, அந்த உதறலில் போல்ட்டைக் கழற்றும் வழக்கம் ஆபத்தானது, விட்டுவிடுங்கள்.

புல்லியின் வெளி வளையத்தில் மூன்று கால் புல்லர் மாட்டினால் நடுவிலுள்ள ரப்பர் பிய்ந்துபோகும். நடு ஹப்பிலுள்ள மரைத் துளைகளில் போல்ட் போட்டு இழுங்கள்.

பழைய சீலை எடுக்கும்போது ஷாஃப்ட்டில் கீறல் விழக்கூடாது, முனையில் டேப் சுற்றிய சீல் பிக்கர் போதும். சீல் உதடு உரசும் இடத்தில் நகம் சிக்கும் அளவு பள்ளம் இருந்தால் எந்தப் புதுச் சீலும் நிற்காது. மெல்லிய ஸ்லீவ் ஏற்றலாம், அல்லது சீலைச் சற்று முன்பின்னாக உட்கார வைத்து உதட்டைப் புது இடத்தில் படச் செய்யலாம். ஸ்பிரிங் உள்ள பக்கம் இன்ஜினை நோக்கியிருக்க வேண்டும். சாதாரண ரப்பர் சீலுக்கு உதட்டில் கொஞ்சம் இன்ஜின் ஆயில் தடவுங்கள். பிடிஎஃப்இ (டெஃப்லான்) சீலை மட்டும் உலர்வாகவே போட வேண்டும். சீலின் விளிம்பளவுள்ள சாக்கெட்டை வைத்து, சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள்.

இறுக்கும்போது இம்பாக்ட் கன் வேண்டாம், இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரென்ச் மட்டும். மேனுவலில் டார்க்கோடு திருப்ப வேண்டிய கோணமும் சொல்லியிருந்தால் போல்ட் புதிதாகவே இருக்க வேண்டும், பழையது ஏற்கெனவே நீண்டிருக்கும். டைமிங் பின்களை எடுத்துவிட்டு, ஸ்டார்ட் செய்யும் முன் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறி சேர்கிறதா என்று பாருங்கள்.