இலவசம், விலையில்லா, கட்டற்ற

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனைப் படிப்பகத்தில் மூன்று மடிக்கணினிகள் இருக்கின்றன. மூன்றும் அரசு கொடுத்தவை. பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய பிள்ளைகள், வேலைக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கிக்கொண்டதும், "அக்கா, இங்க கெடக்கட்டும், யாருக்காவது ஆவும்" என்று விட்டுப்போனார்கள். ஒன்றின் மூடியில் அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் படம் பாதி தேய்ந்திருக்கிறது. இன்னொன்றில் பேட்டரி போய்விட்டது. ஒயர் அசைந்தாலே அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அந்த மூன்றையும் சுற்றி பன்னிரண்டு பதிமூன்று பேர் உட்காருகிறோம். பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். தினசரி படிக்க வருகிற பெரியவர்களும் காது கொடுப்பார்கள்.

மற்ற நாட்களில் நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் கணினி அறிவியல் நடத்துகிறேன். அங்கே நடந்த ஒரு விஷயத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

போன செமஸ்டரில் இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு இயங்குதளப் பாடம், அதாவது கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளைப் பற்றியது. லினக்ஸ் என்ற இயங்குதளத்தின் கட்டளைகளை நடத்தும் முன், அவை எங்கிருந்து வந்தன என்று சொல்லத் தோன்றியது. அதனால் ஒரு பிரிண்டர் கதையைச் சொன்னேன். 1980 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் நிறுவனம் ஒரு லேசர் பிரிண்டர் கொடுத்தது. வேகமான இயந்திரம், ஆனால் தாள் அடிக்கடி சிக்கிக்கொள்ளும். பிரிண்டர் வேறொரு மாடியில் இருந்ததால், சிக்கியது தெரியாமல் எல்லோரும் காத்திருப்பார்கள். ரிச்சர்ட் ஸ்டால்மன் அங்கே வேலை செய்தார். முன்பிருந்த பிரிண்டருக்கு, தாள் சிக்கினால் காத்திருப்பவர்களின் திரையில் செய்தி வரும்படி அவரே நிரல் எழுதி வைத்திருந்தார். புதியதற்கும் அப்படிச் செய்ய அதன் மூல நிரல், அதாவது மனிதர் படித்து மாற்றக்கூடிய வடிவில் எழுதிய நிரல், வேண்டும். அது நிறுவனத்திடம் இருந்தது, கிடைக்கவில்லை. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஒருவரிடம் பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டு நேரில் போய்க் கேட்டார். யாருக்கும் தருவதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று அவர் மறுத்துவிட்டார்.

ஒரு பல்கலைக்கழகத்து ஆள் இன்னொரு பல்கலைக்கழகத்து ஆளிடம் "தரமாட்டேன்" என்று சொன்ன இடம் அது. அவ்வளவுநாள் நிரல் என்பது சமையல் குறிப்பு மாதிரி கைமாறிக்கொண்டிருந்தது. 1983 செப்டம்பர் 27-ஆம் தேதி யாரும் பார்த்து மாற்றக்கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதும் குனூ திட்டத்தை ஸ்டால்மன் அறிவித்தார். லினக்ஸில் நாம் அடிக்கும் கட்டளைகளில் பல அதிலிருந்து வந்தவைதான். தான் எழுதும் நிரலுக்கு எம்.ஐ.டி. உரிமை கொண்டாடிவிடக் கூடாதென்று 1984 ஜனவரியில் வேலையை விட்டார். 1989-இல் ஜி.பி.எல். உரிமம் வந்தது. வாங்கியவன் பார்க்கலாம், மாற்றலாம், அடுத்தவனுக்குக் கொடுக்கலாம். கொடுக்கும்போது இதே உரிமைகளைச் சேர்த்தே கொடுக்க வேண்டும், இடையில் யாரும் கதவைச் சாத்த முடியாது. இப்படிப்பட்டதைத்தான் கட்டற்ற மென்பொருள் என்கிறோம்.

இதைச் சொல்லி முடித்ததும் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். "எங்கப்பா பிரிச்சுப் பாக்காத இன்ஜினே கெடையாது மேம். பிரிக்கவே கூடாதுன்னு எழுதி வாங்கிட்டா அவர் எப்பிடிப் பொழைக்கிறது?" வகுப்பில் பேச்சு சூடு பிடித்தது. செல்போன் கடை வைத்திருக்கும் மாமாவைப் பற்றி ஒருத்தி சொன்னாள். டிராக்டரை ரிப்பேர் பண்ணும் உரிமைக்கு அமெரிக்க விவசாயிகள் போராடுவதைப் படித்ததாக இன்னொருவன் சொன்னான். மணி அடித்தபோது ஒரு கட்டளைகூட நடத்தவில்லை. அந்த ஆண்டில் நான் எடுத்த வகுப்புகளில் நல்ல வகுப்பு அதுதான்.

மறுநாள் துறைத் தலைவர் கூப்பிட்டார். கோபமெல்லாம் இல்லை. "பாடத்தை நடத்துங்கம்மா, அரசியல் வேணாம். யாராவது பேரன்ட் வந்து கேட்டா பதில் சொல்ல முடியாது."

சரி என்று வந்துவிட்டேன். ஆனால் அன்று முழுக்க மனசு ஆறவில்லை. முதலாண்டு ஆய்வகத் தாளில் ஒரு நிறுவனம் விற்கும் ஆபீஸ் தொகுப்பின் பெயர் அப்படியே அச்சாகியிருக்கிறது. 'கடிதம் தயாரித்தல்' என்று இல்லை. அந்தப் பொருளின் பெயரோடு இருக்கிறது. ஆயிரக்கணக்கான முதல் தலைமுறைப் பட்டதாரிகளைப் பதினெட்டு வயதில் ஒரே கடையின் வாடிக்கையாளர் ஆக்குவது பாடம், அந்தக் கடைக்குக் கதவு ஏன் ஒன்றுதான் என்று கேட்பது அரசியலா? இரண்டுமே அரசியல்தான். முதலாவது பாடத்திட்டத்தில் அச்சாகிவிட்டதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

எனக்கு இது புத்தகத்திலிருந்து வந்த எண்ணம் இல்லை. அப்பா பெரம்பூர் பி அண்ட் சி ஆலையில் வேலை பார்த்தார். 1996-இல் ஆலை மூடியபோது எனக்குப் பதினொரு வயது. ஷிப்ட் முடிந்து குளித்துவிட்டு அவர் நேராகப் படிப்பகத்துக்குத்தான் போவார். அங்கே தினசரியை ஒருவர் சத்தமாக வாசிப்பார், எழுத்துத் தெரியாதவர்கள் கேட்பார்கள். ஒரு தலையங்கத்துக்கு அரை மணி நேரம் சண்டை நடக்கும். "பேப்பர் ஒருத்தன் காசு, சேதி எல்லாருக்கும்" என்பார் அப்பா. இந்தப் பக்கத்தில் அது நெடுநாள் பழக்கம். 1918 ஏப்ரலில் பெரம்பூரில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் அதில் சேர்ந்து நின்றது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பே, சமயச் சொற்பொழிவுக்கென்று இருந்த ஒரு சபையில் செல்வபதி செட்டியாரும் இராமாஞ்சுலு நாயுடுவும் ஆலைத் தொழிலாளர்களின் குறைகளைப் பேச ஆரம்பித்திருந்தார்கள். கூடிக் கேட்கிற இடம் முதலில் வந்தது. சங்கம் அதிலிருந்து வந்தது.

கட்டற்ற மென்பொருள் என்று கல்லூரியில் முதல்முறை கேள்விப்பட்டபோது எனக்குப் புதிதாக எதுவும் தோன்றவில்லை. இது நம்ம படிப்பகம் ஆச்சே என்றுதான் நினைத்தேன்.

அந்தச் சொல்லையே பாருங்கள். ஆங்கிலத்தில் இலவசத்துக்கும் சுதந்திரத்துக்கும் ஒரே சொல் இருப்பதால், நான் சொல்வது காசைப் பற்றி இல்லை என்று ஸ்டால்மன் நாற்பது ஆண்டுகளாக மேடைமேடையாக விளக்க வேண்டியிருக்கிறது. தமிழில் அந்தக் கஷ்டம் இல்லை. இலவசம் வேறு, கட்டற்ற வேறு. நடுவில் நம் அரசியல் இன்னொரு சொல்லையும் கொடுத்தது. 2011 செப்டம்பர் 15 அன்று மடிக்கணினித் திட்டம் தொடங்கியபோது அதற்கு 'விலையில்லா' என்று பெயர் வைத்தார்கள். இலவசம் என்றால் கை ஏந்துவது மாதிரி ஒலிக்கும். விலையில்லா என்றால் மதிப்பு சொல்ல முடியாதது என்றும் பொருள் வரும். அந்தச் சொல்லை நான் மதிக்கிறேன். அந்தத் திட்டத்தையும் மதிக்கிறேன், அது இல்லாவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமை வகுப்பே இல்லை. ஆரம்பத்தில் வந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சென்னையில் மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. என் தம்பிக்கு வந்ததிலும் இரண்டும் இருந்தன. லினக்ஸ் எதற்கு என்று பள்ளியில் யாரும் சொல்லித்தரவில்லை. கொஞ்சநாளில் தெருவில் ஒரு அண்ணன் அதை அழித்து இடத்தைக் காலி செய்து கொடுத்தார். வீட்டுக்குள் வந்த சுதந்திரம் இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது. விலையில்லாமல் கொடுத்தோம், கட்டற்றது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். எங்கள் பிள்ளைகளில் நிறையப் பேர் ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். தலைப்பு, பேஸ் பேப்பர் (ப்ராஜெக்டுக்கு அடிப்படையாக எடுக்கும் ஆய்வுக் கட்டுரை), கோடிங், ரிப்போர்ட், வைவாவுக்கு நாலு கேள்வி பதில், எல்லாம் சேர்த்து ஒரு ரேட். என் மாணவி ஒருத்தி 7,500 ரூபாய் கொடுத்திருந்தாள், அவள் அம்மா நகைச் சீட்டிலிருந்து எடுத்த பணம். ஏன்மா என்று கேட்டேன். "பேஸ் பேப்பர் அவங்ககிட்டதான் மேம் இருக்கு" என்றாள். அந்தப் பதில் என்னைச் சுட்டது. நான் தேடிப் பார்த்தேன். அந்த ஒரு கட்டுரையைப் படிக்க முப்பது டாலருக்கு மேல் கேட்டது. எங்கள் கல்லூரி அந்த இதழுக்குச் சந்தா கட்டவில்லை. எழுதியவர்கள் பல்கலைக்கழகத்துக்காரர்கள், சரிபார்த்தவர்கள் சம்பளம் இல்லாமல் செய்தவர்கள், படிக்க வேண்டியவள் கொடுங்கையூர்க்காரி. நடுவில் சுவர். சோம்பேறிகள் என்று இந்தப் பிள்ளைகளைத் திட்டுகிற ஆசிரியர்கள் அந்தச் சுவரை ஒருமுறை முட்டிப் பார்க்க வேண்டும்.

2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை, அரசுக் கல்வி நிறுவனங்களுக்கெல்லாம் சேர்த்து ஆய்வு இதழ்களுக்குச் சந்தா கட்டும் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசுக் கல்லூரிகளுக்கு நல்லதுதான். சுயநிதிக் கல்லூரிக்கு அது வரவில்லை. வந்தாலும், பொதுப்பணத்தில் நடந்த ஆராய்ச்சியைப் பொதுப்பணம் கொடுத்தே திரும்ப வாங்குகிறோம் என்பது மாறாது.

ஆரன் ஸ்வார்ட்ஸ் பற்றி அந்த மாணவியிடம்தான் முதலில் சொன்னேன். எம்.ஐ.டி.யின் வலையமைப்பு வழியாக ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தளத்திலிருந்து லட்சக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகளை இறக்கியதற்காக 2011 ஜனவரியில் கைதானவர். பல ஆண்டுச் சிறை கிடைக்கக்கூடிய குற்றச்சாட்டுகள். வழக்கு நடக்கும்போதே 2013 ஜனவரி 11 அன்று உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 26. அவள் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், "படிக்கிறதுக்கா மேம்?" என்று மட்டும் கேட்டாள்.

அவளுக்கு நம்பிக்கையாகவும் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. அதனால் டெல்லி ஜெராக்ஸ் கடை வழக்கைச் சொன்னேன். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் ராமேஸ்வரி என்று ஒரு ஜெராக்ஸ் கடை. பாடத்துக்கு வேண்டிய பக்கங்களைப் புத்தகங்களிலிருந்து எடுத்துக் கட்டாகப் போட்டு விற்றதற்காக 2012-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் வழக்குப் போட்டன. மாணவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்கில் தங்களையும் இணைத்துக்கொண்டார்கள். 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்ற நீதிபதி வழக்கைத் தள்ளுபடி செய்தார். கல்விக்காக எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது என்றார். மேல்முறையீட்டில் வழக்கு கொஞ்சம் உயிர் பெற்றது, ஆனால் 2017 மார்ச்சில் பதிப்பகங்களே திரும்பப் பெற்றுக்கொண்டன. அந்த மாணவர்கள் நடத்தியது எந்தப் பாடத்திலும் வராது. ஆனால் நம் ஊரில் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஸ்டால்மனைப் படம் மாட்டிக் கும்பிட வேண்டும் என்று சொல்லவில்லை. சிறுமிகளைப் பாலியல் ரீதியாகச் சுரண்டிய அமெரிக்கப் பணக்காரர் எப்ஸ்டீன் விவகாரத்தை ஒட்டி அவர் எழுதிய மின்னஞ்சல்கள் வெளியே வந்து எதிர்ப்பு கிளம்ப, 2019 செப்டம்பரில் எம்.ஐ.டி.யிலிருந்தும் அவர் தொடங்கிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் தலைமையிலிருந்தும் விலகினார். 2021-இல் அறக்கட்டளையின் இயக்குநர் குழுவுக்குத் திரும்பியபோது இன்னும் பெரிய எதிர்ப்பு எழுந்தது. என் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். இதையும் அவர்களிடம் சொல்லித்தான் நடத்துகிறேன். ஒரு ஆய்வகத்தில் யார் பேசலாம், யார் ஒதுங்க வேண்டியிருக்கிறது என்பதும் கணினி அறிவியலுக்குள் வருகிற விஷயம்தான்.

இரண்டு வாரத்துக்கு முன் படிப்பகத்தில் ஒரு கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டும் 'கேட்' (cat) என்ற சின்ன லினக்ஸ் கட்டளையை எடுத்தோம். அதன் பதிப்பு விவரத்தைக் கேட்டால், எழுதியவர்கள் டார்பியோர்ன் கிரான்லண்ட், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்று பெயரோடு வரும். மேலேயே, இது கட்டற்ற மென்பொருள், நீங்கள் மாற்றலாம், பகிரலாம் என்றும் வரும். பிள்ளைகளுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அப்பாவுடன் ஆலையில் வேலை பார்த்த மாமா ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னாமா, எது வேணா மாத்தலாமா?"

"மாத்தலாம் மாமா."

"அப்போ இத்த மாத்திக் குடு" என்று மறுவாரம் ஒரு சிடியைக் கொண்டுவந்தார். 1998, 99-இல் நிலுவைப் பணத்துக்காக அவர்கள் அடித்த துண்டறிக்கைகள். பெரம்பூரில் ஒரு டி.டி.பி. சென்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தது. திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை. புள்ளி வைக்க வேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளி. அந்தக் காலத்தில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒரு குறியேற்றம், அதாவது எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற கணக்கு. எழுத்துரு போனால் எழுதியதும் போச்சு. எல்லாக் கணினிக்கும் பொதுவான குறியேற்றமான ஒருங்குறியை (யூனிகோடு) அரசு அலுவலகங்களுக்கே 2010-இல்தான் தரமாக ஆக்கினார்கள்.

இணையத்தில் கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் ஒரு மாற்றியை எடுத்தோம். மூல நிரலைத் திறந்து அட்டவணையைப் பார்த்தோம். கொம்பு முன்னால் வருவதை எழுத்துக்குப் பின்னால் தள்ளுவது எப்படி என்று பிள்ளைகளே கண்டுபிடித்துச் சொன்னார்கள். ஓட்டியதும் துண்டறிக்கை தமிழில் வந்தது. மாமா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். ஆனால் 7,500 ரூபாய் கொடுத்த அந்த மாணவி 'தொழிலாளர்' என்று தேடிப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை என்றது. கண்ணெதிரே பக்கம் முழுக்க தொழிலாளர்கள்! அரை மணி நேரம் ஒவ்வொரு எழுத்தாகப் பிரித்துப் பார்த்தபின் பிடிபட்டது. அந்தக் காலத்து டைப்பிஸ்ட் 'ர்' அடிக்காமல், பார்வைக்கு அதே மாதிரி இருக்கும் காலையும் புள்ளியையும் சேர்த்து அடித்திருக்கிறார். பார்த்தால் 'ர்', கணினிக்குக் கால்.

அவள் மாற்றியில் ஒரு வரி சேர்த்து மறுபடி ஓட்டினாள். முதல் பக்கத்திலேயே பதினான்கு தொழிலாளர்கள் வந்தார்கள். மாமா அதை சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார், நாங்கள் கேட்டோம். முடிந்ததும், வீட்டில் பரணில் இன்னும் நாலு சிடி இருக்கிறது, அடுத்த ஞாயிறு எடுத்துவருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.